சாண்டா கிளாராவில் அப்பா லைன் கிளியர் கேட்ட நாள்

2024 அக்டோபரில் அப்பா இரண்டு மாதம் எங்களோடு தங்கியிருக்க கலிபோர்னியாவின் சன்னிவேலுக்கு வந்தார். எண்பது வயது. அம்மா போன பிறகு முதல் பயணம். முதல் வாரம் எல்லாமே புதிதாக இருந்தது. லிவர்மோர் கோயில், கோல்டன் கேட் பாலம், கடைகள் என்று சுற்றினோம். இரண்டாவது வாரம் ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் வேலைக்கு, பையன் பள்ளிக்கூடத்துக்கு, அப்பா ஜன்னலோர நாற்காலிக்கு. தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. சாயங்காலம் வந்து "என்னப்பா பண்ணீங்க" என்று கேட்டால், "சும்மாதாம்மா இருந்தேன்" என்பார். பெற்றோரை இங்கே அழைத்து வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டாவது வாரம் தெரிந்திருக்கும்.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். 1966இல் சேர்ந்து 2004இல் ஓய்வு பெற்றார். அதில் பாதிக்கு மேல் செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் பழைய மீட்டர் கேஜ் பாதையின் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் கழிந்தது. 1904இல் திறந்த மலைப்பாதை அது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். அப்படியிருந்தும் அவரை ஒரு ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்ற மூன்று வாரம் ஆனது. இத்தனைக்கும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, சாண்டா கிளாராவில், 1863இல் எழுந்த ஒரு டிப்போ இருக்கிறது. அதற்குள் ஒரு ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. பத்து வருஷமாக அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன், உள்ளே போனதில்லை.

"டிப்போவா? பஸ் டிப்போவுக்கா கூட்டிட்டுப் போறே?" என்றார் அப்பா. அமெரிக்காவில் சின்ன ஊர் ரயில் நிலையத்துக்கே டிப்போ என்றுதான் பெயர் என்று சொன்னேன். உடனே சட்டையை மாற்றப் போய்விட்டார்.

காரில் பதினைந்து நிமிடம்தான். ரயிலில்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், அது சரியான முடிவு. ஒரு ஸ்டேஷனைப் பார்க்கப் போகிறவர்கள் முடிந்தால் ரயிலிலேயே போய் இறங்குங்கள். அந்தக் கட்டடம் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பதெல்லாம் தண்டவாளத்தின் பக்கமிருந்து வந்தால்தான் புரியும். கார் நிறுத்தும் இடத்திலிருந்து பார்த்தால் அதன் முதுகுதான் தெரிகிறது. நடைமேடை மெஷினில் டிக்கெட் எடுக்கும்போது மறக்காமல் முதியோர் கட்டணத்தைத் தேர்ந்தெடுங்கள், 65 வயதுக்கு மேல் பாதிதான்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், செப்டம்பர் 21 முதல், சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹொசேவுக்கும் நடுவில் ஓடும் கால்ட்ரெயின் என்ற ரயில் முழுக்க மின்சார வண்டிகளுக்கு மாறியிருந்தது. அப்பா நடைமேடையில் நின்று மேலே கம்பியையே பார்த்தார். எத்தனை வோல்ட் என்று கேட்டார். போனில் தேடிப் பார்த்து, 25 ஆயிரம் என்றேன். "நம்ம ஊர்லயும் அதேதான்" என்று சொல்லிவிட்டு, சொந்தக்கார வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வண்டியில் ஏறினார்.

சாண்டா கிளாராவில் இறங்கியதும் எதிரிலேயே மரக் கட்டடம். பலகைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடைவெளிகளின் மேல் மெல்லிய சட்டம் அடித்த சுவர். இந்த வகைச் சுவரை அந்தக் காலத்து அமெரிக்க மேற்குப் பகுதியில் நிறையப் பார்க்கலாம். மரம் சுலபமாகக் கிடைத்தது, வேலையும் சீக்கிரம் முடியும். சான் பிரான்சிஸ்கோ–சான் ஹொசே ரயில் பாதைக்காகக் கட்டியது. அந்தப் பாதை முழுதாகத் திறந்தது 1864 ஜனவரியில். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் சேர்த்த ரயில் 1869இல்தான் வந்தது. அதற்கும் ஐந்தாண்டு முந்தையது இந்த வழி.

அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நம்ம ராயபுரம் 1856" என்றார். சரிதான். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி போனது, அந்தக் கட்டடமும் இன்றைக்கு நிற்கிறது.

இந்த டிப்போவுக்கு ஒரு விசேஷம் உண்டு. இது கட்டிய இடத்தில் இப்போது இல்லை. 1877இல் மொத்தக் கட்டடத்தையும் தண்டவாளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு நகர்த்தி, இங்கிருந்த சரக்குக் கிட்டங்கியோடு சேர்த்துவிட்டார்கள். மரக் கட்டடம் என்பதால் அது முடிந்தது. அதனால் உள்ளே போகும்போது ஒரு வேலை செய்யுங்கள்: எது பயணிகள் பகுதி, எது சரக்குப் பகுதி என்று நீங்களே கண்டுபிடிக்கப் பாருங்கள். கூரை உயரம், கதவு அகலம், தரை எல்லாம் காட்டிக்கொடுக்கும். என் பையனுக்குப் பதினொரு வயது. பீப்பாய் உருட்டிப் போகிற அளவு அகலமான கதவைப் பார்த்ததும் அவனே சொல்லிவிட்டான். சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு அப்போது பழத்தோட்டம். ஆப்ரிகாட், பிளம், செர்ரி எல்லாம் ரயிலேறிப் போன ஊர். இன்று சிலிக்கான் சில்லு என்று எல்லோரும் சொல்கிற இடத்தில் அன்றைக்குப் பெட்டி பெட்டியாகப் பழம் ஏறியது என்று சொன்னபோது அவன் நம்பவில்லை.

நான் வழக்கம்போல கண்ணாடிப் பெட்டிகளை நோக்கி நடந்தேன். அப்பா அங்கே வரவே இல்லை. ஏஜென்ட் (இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி) உட்கார்ந்த இடம் எது என்று கேட்டு, அங்கே போய் நின்று, தண்டவாளம் இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். சின்ன ஊர் டிப்போக்கள் பலவற்றில் இதற்காகவே தண்டவாளப் பக்கம் துருத்திக்கொண்டு ஒரு ஜன்னல் வைத்திருப்பார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே வண்டி வருவது தெரிய வேண்டும். எழுந்துவிட்டால் தந்திச் சத்தம் காதில் விழாமல் போய்விடும். இந்த ஒரு இடத்தில் நின்ற பிறகு, உள்ளே இருந்த விளக்கு, பூட்டு, சீல், கால அட்டவணை ஒவ்வொன்றும் எதற்கு என்று தானாகவே புரிய ஆரம்பித்தது. இப்போது எந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் நான் முதலில் அந்த நாற்காலியைத்தான் தேடுகிறேன்.

அன்று பணியிலிருந்த தன்னார்வலர் ஒருவர் அப்பாவின் நிற்கும் விதத்தைப் பார்த்தே வந்துவிட்டார். அவரும் வெள்ளைத் தலை. "ரயில்வேயா?" என்று மட்டும் கேட்டார். அப்பா, "ஸ்டேஷன் மாஸ்டர், தர்ட்டி எய்ட் இயர்ஸ்" என்றார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் எங்கள் ஞாபகம் அவர்களுக்கு இல்லை.

பேச்சு ஆரம்பித்தது ஒரு கம்பில். கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த நீண்ட கம்பு, பிரிவுகளுக்கு நடுவே நூல் கட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் அப்பாவின் கை தானாக உயர்ந்தது. அடுத்த பகுதிக்குள் போக அனுமதியாக, ஓடுகிற வண்டிக்கு டோக்கன் கொடுக்கிற அதே நிலை. ஆனால் இங்கே கொடுத்தது டோக்கன் கிடையாது, காகிதம். எந்த வண்டி எந்த இடத்தில் ஒதுங்கி எதற்கு வழிவிட வேண்டும் என்று தலைமையிடத்திலிருந்து தந்தியில் உத்தரவு வரும். ஏஜென்ட் அதை மெல்லிய தாளில், கார்பன் வைத்து எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, நூலில் முடிந்து, நடைமேடை ஓரத்தில் நின்று தூக்கிப் பிடிப்பார். என்ஜினில் இருப்பவர் கையை நீட்டி நூலோடு உருவிக்கொண்டு போவார். அதற்கு முன்பு வளையம் இருந்ததாம். வளையத்தையே பிடுங்கிக்கொண்டு, தாளை எடுத்த பிறகு வெளியே எறிவார்கள். ஏஜென்ட் தண்டவாளத்தோரமாக நடந்துபோய் அதைத் தேடி எடுத்து வர வேண்டும். கவட்டைக் கம்பு வந்த பிறகு அந்த நடை மிச்சம்.

அப்பா தன் கதையைச் சொன்னார். நீல்ஸ் பால் டோக்கன். இரண்டு ஸ்டேஷன்களில் இரண்டு மெஷின்கள், இரண்டுக்கும் கம்பித் தொடர்பு. அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதித்தால்தான் இந்த மெஷினிலிருந்து இரும்புக் குண்டு வெளியே வரும். ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. அந்தக் குண்டைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, டிரைவரிடம் கொடுத்தால்தான் வண்டி அந்தப் பகுதிக்குள் போகலாம். சம்மதம் கேட்பதும் கொடுப்பதும் மணியில். ஒரு தட்டு தட்டினால் கவனி என்று அர்த்தம். இரண்டு தட்டினால் லைன் கிளியர் உண்டா, அதாவது வண்டியை அனுப்பப் பாதை காலியா என்ற கேள்வி. மூன்று, வண்டி புறப்பட்டுவிட்டது. நான்கு, வண்டி வந்து சேர்ந்துவிட்டது. அப்பா மேஜையில் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காட்டினார். நான் குவார்ட்டர்ஸில் படுத்துக்கொண்டு இரவெல்லாம் கேட்ட மணி அது. இத்தனை வருஷத்தில் அதற்கு அர்த்தம் கேட்டதில்லை.

"அப்ப உங்க டிரைவர் கையில ஒரு பொருள் இருக்கு. எங்க டிரைவர் கையில வெறும் தாளும் கடிகாரமும்தான்" என்றார் அந்தப் பெரியவர். கடிகாரம் அங்கே அவ்வளவு முக்கியம். 1891 ஏப்ரலில் ஒஹையோவின் கிப்டனில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. ஒருவரின் சட்டைப்பைக் கடிகாரம் சில நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் வெப் பால் என்ற கடிகாரக்காரரைக் கொண்டு ரயில்வே கடிகாரங்களுக்குக் கண்டிப்பான விதிகள் வந்தன. வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது. அதற்கும் முன்னால், 1883 நவம்பர் 18இல், நாடு முழுதும் ஊருக்கு ஒரு நேரம் இருந்ததை மாற்றி ரயில் கம்பெனிகளே நேர மண்டலங்களைக் கொண்டுவந்தன. அப்பா குறுக்கிட்டு, இந்தியாவில் ரயில்கள் ஒரு காலத்தில் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின என்றார். 1906இல் இந்திய நேரம் வரும்வரை அப்படித்தான். பெரியவர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

மேஜையில் ஒரு தந்திக் கட்டை இருந்தது. தட்டலாமா என்று அப்பா கேட்டார். திருச்சி பயிற்சிப் பள்ளியில் மோர்ஸ் படித்த தலைமுறை அவர். சாண்டா கிளாராவின் முதலெழுத்து 'எஸ்', மூன்று புள்ளி. தட்டினார், பெரியவர் தலையாட்டினார். அடுத்து கிளாராவின் 'சி'. கோடு, புள்ளி, கோடு, புள்ளி. பெரியவர் முகத்தைச் சுருக்கினார். அமெரிக்க ரயில்களில் புழங்கியது வேறு மோர்ஸ். அதில் 'சி' என்றால் இரண்டு புள்ளி, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஒரு புள்ளி. இடைவெளியே எழுத்தின் பாகம். சத்தம் தெளிவாகக் கேட்கப் பலர் கருவிக்குப் பின்னால் புகையிலை டப்பாவைச் செருகி வைத்திருப்பார்கள் என்றும் சொன்னார். அரைமணி நேரம் இரண்டு பேரும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். நான் ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்து வந்து அப்பாவுக்குப் போட்டேன். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலிலேயே உட்கார இடமும் கழிவறையும் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பேச்சு சூடு பிடித்த பிறகு அவர்கள் கேட்க மாட்டார்கள், கால் மட்டும் வலிக்கும். திறந்திருக்கும் நாளும் நேரமும் குறைவு, அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்கிற விசேஷ நாட்களில் போகாதீர்கள். அன்று இன்னும் நாலு குடும்பம் வந்திருந்தால் இந்தப் பேச்சு நடந்தே இருக்காது.

டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சிக்னல் கோபுரமும் நிற்கிறது. 1920களில் கட்டியது, 1990கள் வரை வேலை செய்தது. நாங்கள் போன அன்று உள்ளே போக முடியவில்லை. அப்பா கீழே நின்றபடியே பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். "எலே, கேபினுக்குள்ள இருக்கிற லீவரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஒரு வண்டிக்குப் பாதை போட்டுட்டா, அதுக்கு இடைஞ்சலா இருக்கிற லீவர் நகரவே நகராது. பத்துப் பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது." மனிதர் தூக்கக் கலக்கத்தில் தப்பு செய்தாலும் இரும்பு தடுத்துவிடும் என்கிற அந்த ஏற்பாட்டை நான் கணினியில் வேறு பெயரில் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் வேலைக்கும் என் வேலைக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இந்தக் கட்டடம் எப்படிப் பிழைத்தது என்பதை ஊரில் பழைய ஸ்டேஷன்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 1985இல் சவுத் பே ஹிஸ்டாரிகல் ரெயில்ரோடு சொசைட்டி என்று ஆர்வலர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். டிப்போவைத் தங்கள் கையாலேயே செப்பனிட்டு, எட்வர்ட் பீட்டர்மேன் பெயரில் அருங்காட்சியகத்தையும் நூலகத்தையும் உள்ளே வைத்தார்கள். பழைய சரக்குக் கிட்டங்கியில் மாதிரி ரயில்கள் ஓடுகின்றன. 87இல் ஒரு பங்கு அளவில் ஒன்று, 160இல் ஒரு பங்கு அளவில் இன்னொன்று. முதலில் அதைக் குழந்தைகளுக்கான விளையாட்டு என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் கூரையைத் தாங்குவதே அதுதான் என்று படுகிறது. மாதிரி ரயில் என்றைக்கும் முடியாத வேலை. ஒரு பாலம் ஒட்ட வேண்டும், ஒரு வயர் அறுந்திருக்கும். அதற்காக வாராவாரம் ஆள் வருகிறார்கள். ஆள் வந்தால் கூரை ஒழுகுவது முதல் மழையிலேயே கண்ணில் படும். ஆள் புழங்காத வீடு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா? அதோடு வாசலில் இன்றும் ரயில் நிற்கிறது. திறப்பு விழா நடத்திப் பூட்டிவிட்டுப் போகிற அருங்காட்சியகத்தைவிட, கைவேலை நடக்கிற ஒரு அறை உள்ள அருங்காட்சியகம் நீண்ட நாள் நிற்கும் என்பது என் திடமான எண்ணம்.

கிளம்பும் முன் ஒரு விஷயத்தைப் பெரியவரிடம் கேட்டேன். அப்பாவின் மூவண்ணக் கைவிளக்கு என்னிடம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் அதை ஹாலில் வைப்பதற்காகப் பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தேன். அதில் பெயின்ட்டில் எழுதியிருந்த ஸ்டேஷன் எழுத்துகள் தேய்ப்பில் போய்விட்டன. திரும்பக் கொண்டுவர வழியுண்டா? இல்லை என்றார். அந்த எழுத்துகள் இருந்தால் அது இந்த ஸ்டேஷனின் விளக்கு, போய்விட்டால் ஏதோ ஒரு விளக்கு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வீட்டில் இப்படிப் பழைய பொருள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தேய்க்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். எது யாருடையது, எந்த ஊரில், எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பழைய போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். எந்த அருங்காட்சியகத்துக்காவது கொடுக்க நினைத்தால், பொருளோடு இந்த விவரமும் போக வேண்டும். விவரம் இல்லாத விளக்கை வாங்கத் தயங்குவார்கள். கொடுப்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதும் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

விளக்கில் போனதை அப்பாவின் வாயிலிருந்து மீட்கலாம் என்று அன்றிரவே முடிவு செய்தேன். முதல் நாள் போனை முன்னால் வைத்து, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்கப்பா" என்றேன். "என்னத்தச் சொல்ல, நல்லாத்தான் போச்சு" என்று முடித்துவிட்டார். மறுநாள் கேள்வியை மாற்றினேன். "நைட் டூட்டிக்குப் போய் உட்கார்ந்ததும் முதல்ல கையில எதை எடுப்பீங்க?" நாற்பது நிமிடம் பேசினார். சார்ஜ் எடுப்பது, டைரியில் கையெழுத்து, மெஷினில் குண்டுகளை எண்ணுவது, கைகாட்டி விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போன பாயிண்ட்ஸ்மேன் மழையில் திரும்பி வந்த இரவு. கையில் ஏதாவது பொருளோ போட்டோவோ கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நன்றாக வருகிறது. ஒரு தடவைக்கு அரைமணி, அதிகம் போனால் முக்கால் மணி. நடுவில் திருத்தக் கூடாது. தேதி தப்பாக இருந்தால் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்திலும் தேதியையும் எதைப்பற்றிய பேச்சு என்பதையும் நானே சொல்லிவிடுவேன். பிறகு தேடும்போது அது எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது.

அவர் வேலை பார்த்த மீட்டர் கேஜ் பாதை செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் 2010இல் மூடப்பட்டு, 2018இல் அகலப் பாதையாகத் திறந்தது. அவர் மணியடித்த மெஷின் அங்கே இல்லை. அது எப்படி வேலை செய்தது என்பது இப்போது என் போனில் பத்தொன்பது பதிவுகளாக இருக்கிறது, அவர் சொன்ன மெட்ராஸ் நேரம் சாண்டா கிளாராவில் ஒரு துண்டுத் தாளில் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் ரயில்வேயில் இருந்த தாத்தாவையோ சித்தப்பாவையோ பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்கோ திருச்சியில் இருப்பதற்கோ ஒரு நாள் கூட்டிப்போங்கள். இலங்கையில் என்றால் கடுகண்ணாவை இருக்கிறது. அங்கே போய் நீங்கள் பலகைகளைப் படிக்காமல், அவர்கள் எதன் முன்னால் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

அந்தப் பயணத்தில் நாங்கள் இன்னும் மூன்று தடவை சாண்டா கிளாரா போனோம். கடைசித் தடவை பேரனும் அப்பாவும் மட்டும் போய் வந்தார்கள். அதற்கப்புறம் வீட்டில் சாப்பாட்டு மேஜை ஒரு ஸ்டேஷனாகவும் மாடி அறை இன்னொரு ஸ்டேஷனாகவும் ஆனது. கீழே அப்பா இரண்டு தட்டுவார், மேலிருந்து இரண்டு தட்டு திரும்ப வரும், பையன் சாப்பிட இறங்கி வருவான்.

டிசம்பர் முதல் வாரம் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். உள்ளே போகும் முன் பேரனின் தோளில் மூன்று தடவை தட்டிவிட்டுப் போனார். ஒன்றரை நாள் கழித்துத் தென்காசி வீட்டிலிருந்து போன் வந்தது. ஹலோ என்றேன், பதில் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் மர மேஜையில் விரல் முட்டிச் சத்தம், நிதானமாக, நான்கு தடவை.